விடுதி அறையில் மூட்டைப்பூச்சி: தேடிப் பார்ப்பதா, பையைக் காப்பதா?

இரவு பத்தரை மணிக்கு ஒரு விடுதி அறையின் கதவைத் திறக்கிறீர்கள். நாள் முழுக்கப் பயணம், கால் கடுக்கிறது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் முதலில் செய்வது, பையைத் தூக்கிக் கட்டிலில் போடுவதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை, மூன்று இரவு தங்கிய ஒரு விடுதியிலிருந்து மூட்டைப்பூச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அறை பளிச்சென்று இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. தங்கிய மூன்று நாளும் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. திரும்பி வந்ததும் பையை வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தங்கையின் முழங்கையில் தடிப்புகள் வந்தன. கொசு என்று நினைத்தோம். அப்புறம் வேர்க்குரு என்று நினைத்தோம். மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. தலைமாட்டு மூலையில், தையல் மடிப்புக்குள், பேனா மையை உதறியது போலக் கரும்புள்ளிகள். அவற்றை முழுதாக ஒழிக்க நான்கு மாதம் ஆனது. மருந்தடிக்கும் ஆட்கள் மூன்று முறை வந்துபோனார்கள். பூச்சி போன பிறகும் தங்கை பல வாரம் விளக்கை அணைக்காமல்தான் படுத்தாள்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் இந்த விஷயத்தில் நான் கவனமாக இருக்கிறேன். ஆனால் கவனம் என்றால் எந்தக் கவனம்? இதற்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே விமர்சனங்களைப் படித்துவிடு என்பார் ஒருவர். அறைக்குள் நுழைந்ததும் மெத்தையைப் புரட்டிப் பார் என்பார் இன்னொருவர். தேடுவது வீண்வேலை, பையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும் என்பவர்களும் உண்டு. ஸ்ப்ரே, ஊதா விளக்கு என்று கருவிகளை நம்புகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் எல்லா அறையிலும் செய்ய முடியாது. எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறையைச் சோதிப்பது அன்றைய இரவுத் தூக்கத்துக்காக. வீட்டைக் காப்பது பையும் சூடும். இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் பையைத் தேர்ந்தெடுங்கள்.

பூச்சியைப் பற்றிக் கொஞ்சம்

எந்த வழி எடுபடும், எது எடுபடாது என்பதெல்லாம் இந்தப் பூச்சியின் சுபாவத்தைப் பொறுத்தது. மனிதனைக் கடிப்பதில் முக்கியமானவை இரண்டு இனங்கள். மிதமான தட்பவெப்பத்தில் அதிகம் காணப்படுவது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ், வெப்பமண்டலத்தில் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான். வளர்ந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், ஆப்பிள் விதை அளவு, பழுப்பு கலந்த சிவப்பு நிறம். ரத்தம் குடிக்காதபோது உடம்பு தட்டையாக, கார்டு நுழையும் இடுக்கில் நுழைந்துவிடும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். முட்டை சுமார் 1 மில்லிமீட்டர், வெள்ளை. அப்போதுதான் பொரித்த குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நிறமே இல்லாதது. வெள்ளை விரிப்பில் அதைக் கண்டுபிடிப்பது நல்ல கண்ணுக்கே சிரமம். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துத்தான் முழுப் பூச்சியாகும், ஒவ்வொரு முறை உரிக்கவும் ஒரு வேளை ரத்தம் வேண்டும். அதனால் பூச்சி கண்ணில் படாவிட்டாலும் உரித்த தோல் கண்ணில் படலாம்.

இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. நடந்துதான் வர வேண்டும். அதனால் தூங்குகிறவரை விட்டு அதிக தூரம் போகாது. கட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் குடியிருக்கும். நாம் விடும் மூச்சின் கரியமில வாயு, உடம்பின் சூடு, வாடை மூன்றையும் பிடித்துக்கொண்டு பின்னிரவில் வரும். சில நிமிடங்கள் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். ஒருமுறை குடித்தால் சில நாளைக்கு வெளியே வராது. சோறு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குளிர்ந்த இடமானால் ஒரு வருடத்தைக்கூட நெருங்கிவிடும். காலிப் பையை அலமாரியில் வைத்துப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்ற யோசனை இதனால்தான் பலிப்பதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். கடி உடனே தெரியாது. சிலருக்கு மறுநாளே தடிக்கும், சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆகும், சிலருக்குத் தடிப்பே வராது. "ராத்திரி எதுவும் கடிக்கவில்லை, அறை நல்ல அறைதான்" என்ற முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. நான் ஏமாந்தது அதில்தான். மூன்று கடி வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்பதும் உறுதியான அடையாளம் இல்லை. அடுத்தது, நோய். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அரிப்பு, சொறிந்து புண்ணாவது, தூக்கம் கெடுவது, மனம் நொந்துபோவது ஆகியவைதான் அது தரும் துன்பம். அதுவே போதும்.

அறை சுத்தமாக இருந்தால் வராது, விலை உயர்ந்த விடுதியில் இருக்காது என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். இந்தப் பூச்சிக்கு அழுக்கு தேவையில்லை, தூங்குகிற ஆள் இருந்தால் போதும். யார் பையில் வந்து இறங்கியது என்பதுதான் கணக்கு. 2023 இறுதியில் பாரிஸ் நகரமே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ரயில் இருக்கையும் திரையரங்கு இருக்கையும்கூட அந்தப் பேச்சில் அடிபட்டன.

முதல் வழி: முன்பே விமர்சனம் படிப்பது

இதற்கு ஐந்து நிமிடம் செலவழிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் புகார் சொல்லியிருந்து, அதில் படமும் இருந்தால் வேறு இடம் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒற்றைப் புகாருக்காக ஒரு நல்ல விடுதியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பூச்சி வருவது அறை அறையாக. 304-இல் இருந்தது 512-இல் இருக்க வேண்டும் என்றில்லை.

இந்த வழியின் பெரிய ஓட்டை, எழுதுகிறவர்களுக்கே பூச்சியை அடையாளம் தெரியாது என்பது. கென்டக்கி பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பயணிகளிடம் பல பூச்சிகளின் படத்தைக் காட்டி மூட்டைப்பூச்சி எது என்று கேட்டார்கள். சரியாகக் காட்டியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான். கொசுக்கடிக்கும் ஒவ்வாமைக்கும் விடுதியைத் திட்டி எழுதுகிறவர்கள் உண்டு. கடித்தும் தடிப்பு வராததால் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

ஒரு பயன் இருக்கிறது. புகாருக்கு விடுதிக்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அறையை மூடினோம், பக்கத்து அறைகளையும் சோதித்தோம் என்று விவரமாகச் சொல்லியிருந்தால் அந்த இடத்தை நான் நம்புவேன். எங்களிடம் பூச்சியே கிடையாது என்று மறுத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் நம்பமாட்டேன்.

இரண்டாவது வழி: டார்ச்சும் கண்ணும்

இதுதான் எல்லோரும் சொல்வது. நானும் செய்கிறேன். ஆனால் பெரும்பாலானவர்கள் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள். போர்வையை விலக்கி, வெள்ளை விரிப்பைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்தியாகிவிடுகிறார்கள். விரிப்பு அடிக்கடி மாறுகிற துணி. அதில் பூச்சி குடியிருக்காது.

பார்க்க வேண்டிய முதல் இடம் தலைமாடு. மெத்தையின் தலைமாட்டு மூலைகள் இரண்டிலும் விரிப்பு, அடிவிரிப்பு எல்லாவற்றையும் உருவிவிட்டு வெறும் மெத்தை தெரியும்படி செய்யுங்கள். மெத்தையின் ஓரத்தைச் சுற்றிக் கயிறு போல ஒரு தையல் விளிம்பு ஓடும். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கவாட்டில் சாய்த்து அந்த விளிம்பை ஒட்டிப் பிடியுங்கள். ஒளி சாய்ந்து விழுந்தால் சின்ன மேடும் நிழல் காட்டும். இன்னொரு கையில் ஒரு பழைய கார்டு. அதன் ஓரத்தை விளிம்பின் மடிப்புக்குள் செருகி மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் நகரும், இல்லையென்றால் உரித்த தோலோ கரும்புள்ளியோ வெளியே தெரியும். அப்புறம் பிராண்டுச் சீட்டு தைத்திருக்கும் இடம். அந்தச் சீட்டின் அடிப்பக்கம் அவற்றுக்கு மிகவும் பிடித்த மறைவிடம்.

அடுத்தது தலைமாட்டுப் பலகை. விடுதிகளில் இது பெரும்பாலும் கட்டிலோடு சேராமல் சுவரில் தொங்கவிடப்பட்டிருக்கும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். துப்புரவுப் பணியாளர் தினமும் வந்தாலும் யாரும் தொடாத இருட்டு அது. தலைக்கு அரை அடி தூரம். பூச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பலகையைக் கழற்ற முயல வேண்டாம், தலையில் விழும். சந்துக்குள் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் டார்ச் அடித்துப் பாருங்கள். துணி அல்லது தோல் போர்த்திய பலகையானால் மடிப்புகளையும் பொத்தான் பதித்த குழிகளையும் பாருங்கள்.

சந்தேகமான கரும்புள்ளி கண்ணில் பட்டால் ஒரு சோதனை இருக்கிறது. டிஷ்யூ காகிதத்தை நனைத்துப் புள்ளியை அழுத்தித் தேய்க்க வேண்டும். மூட்டைப்பூச்சியின் கழிவு என்பது செரித்த ரத்தம். தண்ணீர் பட்டதும் மை போல இளகி, பழுப்புச் சிவப்பாக இழுத்துக்கொண்டு வரும். துணி மேல் விழுந்திருந்தால் நூலோடு நூலாக ஊறிப் பரவியிருக்கும். தூசியோ பஞ்சோ அப்படி இழுக்காது. ஒரு முறை அப்படித் தேய்த்த காகிதத்தில் துருநிறக் கோடு விழுந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடியே ரிசப்ஷனுக்கு இறங்கிப் போனேன். அங்கிருந்தவர் வாதாடவே இல்லை, உடனே வேறு அறைச் சாவியை எடுத்தார்.

நேரம் இருந்தால் கட்டிலின் சட்டம் இணையும் மூலைகள், திருகாணி ஓட்டைகள், தலைமாட்டுச் சிறுமேசையின் பின்புறமும் இழுப்பறையின் அடியும், மெத்தை வைத்த சோபாவின் இடுக்கு ஆகியவற்றையும் பார்க்கலாம். திரைச்சீலை, சுவரில் மாட்டிய படம், கம்பள ஓரம் எல்லாம் பூச்சி பெருகிவிட்ட அறையில்தான் முக்கியம். அப்படிப்பட்ட அறையில் தலைமாட்டிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் இருபது நிமிடச் சோதனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் தலைமாட்டுக்குக் கொடுத்தால் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும், மீதிப் பதினைந்து நிமிடத்தில் அதிகம் தேறாது.

இந்தச் சோதனை எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். முந்தின வாரம் ஒருவர் பையிலிருந்து இறங்கிய ஒரே ஒரு பூச்சி, பலகைக்குப் பின்னால் சில முட்டைகள், இதுதான் நிலவரம் என்றால் யாராலும் பார்க்க முடியாது. தொழிலாகச் செய்கிறவர்களே தவறவிடுவார்கள். மோப்ப நாய்கள்கூடச் சில நேரம் இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் காட்டிவிடுகின்றன. ஆக, தேடி எடுத்துவிட்டால் "இருக்கிறது" என்பது நிச்சயம். தேடியும் கிடைக்கவில்லை என்றால், "நிறைய இல்லை" என்று மட்டும் சொல்லலாம். என் அறையில் அந்த முதல் நாள் நான் மெத்தையைப் புரட்டியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேனா? ஒருவேளை மாட்டேன்.

மூன்றாவது வழி: பையைக் காப்பது

அதனால்தான் பையைக் காப்பதை நான் முதலில் வைக்கிறேன். அறையில் பூச்சி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமலே இது வேலை செய்யும்.

அறைக்குள் நுழைந்ததும் பை நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும். கட்டிலுக்கும் அதற்கும் தூரம் அதிகம், டைல்ஸ் தரையில் மறைவிடம் குறைவு, ஏதாவது ஊர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சோதனை முடிந்த பிறகு, கம்பியால் ஆன பை வைக்கும் நிலை இருந்தால் அதை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பட்டைகளின் மடிப்பைப் பார்த்துவிட்டு, சுவரை விட்டும் கட்டிலை விட்டும் தள்ளி வைத்து அதன் மேல் பையை வையுங்கள். கட்டில், சோபா, கம்பளத் தரை மூன்றும் வேண்டாம். துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்குவதும் வேண்டாம். தேவையானதை எடுத்துக்கொண்டு உடனே ஜிப்பை முழுதாக மூடிவிட வேண்டும். இன்னும் பத்திரமாக இருக்க வேண்டுமானால், பையையே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வாயைக் கட்டிவிடலாம்.

கழற்றிய அழுக்குத் துணிதான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் இதைச் சோதித்தார்கள். துவைத்த துணி இருந்த பையையும் ஒருவர் உடுத்திய துணி இருந்த பையையும் மூட்டைப்பூச்சிகள் உள்ள அறையில் வைத்தபோது, உடுத்திய துணிப் பையில் இரண்டு மடங்கு பூச்சிகள் கூடின. உடம்பின் வாடை துணியில் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பூச்சி அதைத் தேடிப் போகிறது. அப்படியானால் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கழற்றிப்போட்ட சட்டை, மறுநாள் அப்படியே பைக்குள் போகும்போது, பூச்சிக்கு நாமே வண்டி ஏற்பாடு செய்து கொடுக்கிறோம். கழற்றியதும் நல்ல பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பயணத்துக்குக் கிளம்பும்போதே நான்கைந்து காலிப் பைகளை மடித்து வைத்துக்கொள்ளலாம். கனமும் இல்லை, இடமும் அடைக்காது.

இந்த வழியிலும் குறை உண்டு. அன்றைய இரவில் கடி விழுவதை இது தடுக்காது. குழந்தையோடு, அல்லது பூச்சிக்கடி பட்டால் உடம்பு வீங்கும் ஒருவரோடு தங்கும்போது இது மட்டும் போதாது.

கருவிகளும் ஸ்ப்ரேக்களும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் காசு போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஊதா டார்ச் அடித்தால் துவைத்த விரிப்பே ஒளிரும், ஏனென்றால் சலவைத்தூளில் வெண்மை கூட்டும் பொருள் இருக்கிறது. அதில் எதைத் தேடுவது? சாதாரண வெள்ளை டார்ச்சே மேல். தாவர எண்ணெய் ஸ்ப்ரேக்களை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். தாவர எண்ணெய், சோப்பு வகைகளாக விற்கும் 11 தயாரிப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் கொன்றவை இரண்டே இரண்டு. அதுவும் பூச்சி மேல் நேராக அடித்தபோது. பலகைக்குப் பின்னால் இருப்பதன் மேல் எப்படி அடிப்பது? ஸ்பிரிட் ஊற்றுவது எளிதில் தீப்பிடிக்கும், விடுதி அறையில் அதைச் செய்யவே கூடாது. பூச்சிமருந்தைப் பைக்குள் அடித்துவிட்டு அதே பையில் குழந்தையின் துணியை வைப்பதும் தப்பு. பைரித்ராய்டு என்ற பரவலான பூச்சிமருந்து வகையை உலகின் பல பகுதிகளில் இந்தப் பூச்சி தாங்கப் பழகிவிட்டது என்பது வேறு விஷயம்.

கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் பொறிக்கிண்ணங்கள் நல்ல பொருள்தான், ஆனால் வீட்டுக்கு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கும் உதவும். ஒரு இரவுக்கு அதைச் சுமக்க வேண்டாம்.

கண்டுபிடித்துவிட்டால்: அறை மாறுவதா, விடுதி மாறுவதா?

பூச்சியையோ புள்ளியையோ பார்த்ததும் முதலில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். பூச்சியாக இருந்தால் ஒட்டும் டேப்பில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் சத்தம் போடத் தேவையில்லை. படத்தைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

மாற்று அறை கொடுத்தால் ஒப்புக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. பக்கத்து அறை வேண்டாம், நேர் மேலேயும் நேர் கீழேயும் வேண்டாம். சுவருக்குள் ஓடும் மின்கம்பிக் குழாய், தண்ணீர்க் குழாய் இடைவெளி வழியாக அவை அறை மாறும். இரண்டு தளம் தள்ளி, கட்டடத்தின் வேறு பக்கத்தில் கேளுங்கள். புது அறையிலும் அதே தலைமாட்டுச் சோதனை. அங்கேயும் அடையாளம் இருந்தால், அல்லது விடுதியில் இருப்பவர்கள் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று மழுப்பினால், வெளியேறுவதுதான் சரி. இரவு ஒரு மணிக்கு வேறு இடம் தேடுவது கொடுமை, தெரியும். அப்படி வழியே இல்லாமல் தங்க நேர்ந்தால் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துவிட்டு, போர்வை தரையில் தொங்காமல் செருகிவிட்டு, துணிமணி அத்தனையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளியலறையில் வைத்துவிட்டுப் படுங்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினால் வராது என்று நம்ப வேண்டாம். பசித்த பூச்சி வெளிச்சத்திலும் வரும்.

வீடு திரும்பியதும்: எந்த வழியில் கொல்வது?

மொத்தத்தில் ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் முழு முயற்சி கொடுக்க முடியும் என்றால், அதை இங்கே கொடுங்கள். பை படுக்கையறைக்குள் போகக்கூடாது. வாசலில், மாடிப்படியில், பால்கனியில், குளியலறையில் எங்கு வசதியோ அங்கே வைத்துப் பிரியுங்கள்.

துணிகளுக்கு டிரையரை மிஞ்சியது எதுவும் இல்லை. அதிகச் சூட்டில் முப்பது நிமிடம் ஓடினால் பூச்சி, குஞ்சு, முட்டை மூன்றும் சாகும். சூட்டின் கணக்கு இது: 48 டிகிரி செல்சியஸில் முட்டை சாக ஒன்றரை மணி நேரம் ஆகும், 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் நிமிடக் கணக்குதான். இன்னொரு வசதி, துவைக்காமலே போடலாம். உலர்ந்த துணி ஈரத்துணியைவிடச் சீக்கிரம் சூடேறும். முதலில் டிரையர், அப்புறம் துவையல் என்ற வரிசைதான் நல்லது. டிரம்மைத் திணித்து நிரப்பாமல் பாதிக்கு மேல் கொஞ்சம் இருக்கும்படி போட்டால் சூடு நடுவரை எட்டும்.

வாஷிங் மெஷின் மட்டும் இருந்தால் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 60 டிகிரியில் துவைத்தால் எல்லாம் சாகும். 40 டிகிரியில் முட்டைகள் தப்பிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தால் பூச்சியும் குஞ்சும் மூழ்கிச் சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. டிரையர் இல்லாதவர்கள் இதனால் சோர்ந்துபோக வேண்டாம். வெந்நீர் தாங்கும் துணிக்கு வெந்நீர், தாங்காததற்கு இஸ்திரிப் பெட்டி. தையல், காலர், பாக்கெட், இடுப்புப்பட்டி ஓரங்களில் மெதுவாக ஓட்டினால் அந்தச் சூட்டில் முட்டையும் தப்பாது.

புத்தகம், தோல்செருப்பு, பொம்மை போல சூடு தாங்காதவற்றுக்கு ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் விட வேண்டும். உள்ளே இருக்கும் பொருளின் நடுப்பகுதிவரை குளிர் இறங்க நேரம் பிடிக்கும் என்பதால்தான் இத்தனை நாள். அந்த அளவு குளிராத ஃப்ரீசரை நம்ப முடியாது, ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் போடுவது நமக்கெல்லாம் முதலில் தோன்றும் வழி. துணி ஒவ்வொன்றையும் விரித்து உச்சி வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் பலன் இருக்கலாம். மூடிய சூட்கேஸை வெயிலில் வைப்பது வேறு. மேல்பக்கம் தொடமுடியாமல் சுடும், நடுவில் மடித்த துணிக்குள் வெதுவெதுப்பு மட்டும்தான் இருக்கும். பூச்சி சூட்டை விட்டு நிழல் பக்கம் நகர்ந்துவிடும். வெயில் நல்லது, அதை மட்டும் நம்பாதீர்கள். பாச்சை உருண்டை போட்டு மூடுவதும் அப்படியே. பூச்சியைவிட நம் மூச்சைத்தான் அது அதிகம் பாதிக்கும்.

இனி, பை. துணிகளில் உள்ள பூச்சியைக் கொன்று சுத்தம் செய்துவிட்டு, பூச்சி இருக்கும் பையை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். நான் செய்த தப்பு அதேதான். ஜிப்பை ஒட்டி ஓடும் துணி மடிப்பு, உள்துணிக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் சந்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கிண்ணம், கைப்பிடி உள்ளே இறங்கும் குழாய், அடிப்பக்கத்துக் குமிழ்கள் ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பார்த்து, குறுகிய முனை பொருத்திய வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய குப்பையை உடனே பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். நீராவிக் கருவி இருந்தால் தையல் ஓரமெல்லாம் மெதுவாகக் காட்டலாம், வேகமாக ஓட்டினால் சூடு உள்ளே இறங்காது. வழவழப்பான ஓடு கொண்ட பெட்டியில் மறைவிடம் குறைவு, பாக்கெட் நிறைந்த துணிப்பையில் அதிகம். புதுப் பை வாங்கும் யோசனை இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக இருக்கும் பையைத் தூக்கிப் போடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

யாருக்கு எது

வேலை விஷயமாக வாரா வாரம் ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறவருக்கு: பை காக்கும் பழக்கமும், வீட்டில் டிரையரோ வெந்நீரோ ஒவ்வொரு முறையும் தவறாமல். தலைமாட்டுச் சோதனை இரண்டு நிமிடம். எண்ணிக்கை கூடக்கூட எப்போதாவது ஒரு முறை பூச்சி உள்ள அறை மாட்டத்தான் செய்யும். அன்றைக்குக் கண் தவறவிட்டாலும் சூடு தவறவிடாது.

ஒரே இடத்தில் பத்து நாள், மாதம் என்று தங்குகிறவருக்குக் கணக்கு மாறுகிறது. இவர்கள்தான் முழுச் சோதனைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். முதல் நாள் ஒன்று, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. முதல் நாள் கண்ணில் படாத முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும், அப்போது புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும்.

பல கட்டில் போட்ட பொது அறையில் தங்குகிறவர்கள் தங்கள் கட்டிலை மட்டும் சோதித்துப் பயனில்லை, பக்கத்துக் கட்டில்காரரின் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே சோதனையைவிடக் கட்டிய பிளாஸ்டிக் உறைதான் கை கொடுக்கும். இரும்புக் கட்டிலானாலும் குழாய்களின் திறந்த முனைகளையும் பலகை சட்டத்தில் உட்காரும் இடத்தையும் பாருங்கள்.

நள்ளிரவில், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்கிறவர்களை நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் மெத்தையைப் புரட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பை குளியலறைக்குப் போகட்டும். ஒருவர் குழந்தையை வைத்திருக்க, இன்னொருவர் தலைமாட்டு மூலைகள் இரண்டையும் பலகைச் சந்தையும் மட்டும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஒன்றும் தெரியவில்லையா, படுத்துத் தூங்குங்கள். மீதி வேலையை வீட்டு வாசலில் பார்த்துக்கொள்ளலாம்.